இடது காலைக் காட்டிக்கொடுத்தவன்

இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலைக்குப் பேர் போட்டதே பந்தடிப்பதற்காகத்தான். மற்றவர்கள் வடிகால் கான் வெட்டவும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டவும் மலையேறும்போது நான் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பேன். அன்றைய சம்பளம் எனக்கும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துத் துரையைத் தோற்கடிப்பதில் எங்கள் துரைக்கு அவ்வளவு வெறி. அதற்கு முன் நான் எந்தத் தோட்டத்திலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலேயே நிலைக்காதவன்தானே.

முன்னால் நின்று கோல் அடிப்பது என் வேலை. எனக்கு இரண்டு காலும் ஒன்று என்று மாத்தளை டவுன் வரைக்கும் பேச்சு. அது பொய். ஆட்டம் இல்லாத ஒரு நாள் கான் வெட்டப் போனபோது அலவாங்குக் கடப்பாரை விழுந்து இடது கால் பெருவிரல் நொறுங்கியிருந்தது. அந்தக் காலால் பந்தைத் தொடலாம், தட்டலாம். ஓங்கி அடிக்க முடியாது. அடிக்கப்போவது போல அதைத் தூக்குவேன். தடுப்பவன் அந்தப் பக்கம் பாய்வான். நான் வலது காலால் அடித்துவிடுவேன்.

விஷயம் தெரிந்தவன் என் கூட்டாளி ஒருவன்தான். விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டியவன், லயத்து வரிசை வீட்டில் என்னோடு ஒரே காம்பரா அறையில் படுத்தவன். வலது ஓரத்தில் ஓடி எனக்குப் பந்து தருகிறவனும் அவன்தான்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தோடு கடைசி ஆட்டம். பெரியகங்காணி கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெயிச்சா ஒனக்கு பேக்டரியில நிரந்தர வேலைன்னு தொரை சொல்லிட்டாரு. தோத்தா மலைக்குத்தான்டா." பேக்டரி வேலை கிடைத்தால் அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு பெட்டிகூட வாங்கினேன். என்னிடம் அதுவரை மூட்டைதான் இருந்தது.

ஆட்டத்தில் என்னைத் தடுக்க நின்றவன் என் வலது தோளோடு ஒட்டிக்கொண்டான். இடது காலைத் தூக்கினேன். அவன் அசையவில்லை. இடைவேளைக்குப் பிறகும் அதேதான். முடிகிற நேரம், நாங்கள் ஒரு கோல் பின்னால். பந்து என் இடது பக்கம் விழுந்தது, எதிரே கோல்காரன் வழுக்கிக் கிடந்தான். அவர்கள் ஆள் இன்னொருவன் குறுக்கே ஓடிவந்தான்.

"விட்டுறுடா! அந்தக் காலால அவனுக்கு அடிக்க வராது!" என்று என்னைத் தடுத்தவன் அவனைப் பார்த்துக் கத்தினான்.

அடித்தேன். பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டு போனது. விசிலும் ஊதிவிட்டார்கள்.

"ஒனக்கு யாருடா சொன்னது?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கைய எடுங்க. எங்க மாப்புளதான் சொன்னாரு" என்றான், ஒளிவு மறைவே இல்லாமல். என் கூட்டாளிக்கு அவன் தங்கையைத்தான் பேசியிருந்தார்கள்.

லயத்துக்கு வந்து கேட்டபோது கூட்டாளி மறுக்கவில்லை.

"பரிசம் போட்ட அன்னிக்கி எல மேல சோத்த வச்சுக்கிட்டு கேட்டான்டா. 'ஒங்காளு காலுல என்ன மாயம் வச்சிருக்கான், சொன்னாத்தான் மாப்புள கை நனைக்கலாம்'னு மறிச்சிட்டான். பொம்பளைங்கல்லாம் சிரிக்கிறாங்க. மச்சான் மொறைக்காரன் கேக்கிறத எப்புடி இல்லேங்கிறது?"

"நான் ஒனக்கு யாருடா?"

"நீ இன்னிக்கி இருப்ப, நாளைக்கி போயிருவ. அவுங்க அப்புடியா?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஓர் அடி கொடுத்திருப்பேன். கஞ்சி குடிக்க வா என்று கூப்பிடுகிற குரலில் சொன்னான்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பிரட்டில் கங்காணி என் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். பல்லேகமப் பக்கம் வயல் வேலை கிடைத்தது. பந்து ஆடத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்தத் தோட்டத்து ஆள் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். என்னைப் பற்றி யார் கேட்டாலும், "அவன் ஒரு எடத்துல நிக்கிற ஆளில்ல" என்று கூட்டாளி சொல்கிறானாம். நான் பெட்டி வாங்கியபோது கூட வந்து பூட்டைச் சோதித்துப் பார்த்தவன் அவன்தான்.