விரல் சிஸ்டர்

எலும்பு முறிவு வார்டில் அவளுக்கு ‘விரல் சிஸ்டர்’ என்று பெயர் வைத்தவர்கள் நோயாளிகள்தான். மாவுக்கட்டோடு யார் வந்து படுத்தாலும், சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று கேட்பதற்கு முன்னால் “விரலை ஆட்டுங்க பார்ப்போம்” என்பாள். ஆட்டிய பிறகும் விடமாட்டாள். நகத்தை அழுத்தி, வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பாள். புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து நிற்பாள். “இந்தம்மாவுக்கு என் விரல் மேல அப்படி என்ன கண்ணோ” என்று ஒரு லாரி டிரைவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சலித்துக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று வார்டில் யாருக்கும் தெரியாது.

அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அவளுடைய அம்மா ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டாள். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தையல் மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆஸ்பத்திரியில் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு மேல்வரை இறுக்கமாக மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று படுக்க வைத்தார்கள். அன்று மாலையே அம்மாவின் விரல்கள் வீங்கிப் பளபளத்தன. கட்டுக்குள்ளே யாரோ இறுக்கிப் பிழிவதுபோல வலிக்கிறது என்றாள். ஊசி குத்தினால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளும் அம்மா, வாய்விட்டு அழுதாள்.

மகள் ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. மறுநாள் காலை விரல்கள் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தன. மறுபடி போய்ச் சொன்னாள். கையைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை போனபோது டாக்டர் வரும்போது சொல்லிக்கொள் என்றார்கள். டாக்டர் வந்தார். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அதில், ‘நோயாளி வலி பொறுக்காதவர்’ என்று எழுதியிருந்தது. நாலாம் முறையாக அவரிடம் வாயைத் திறந்தபோது, “நீ எத்தனாவது படிக்கிற?” என்று கேட்டார். சொன்னாள். “அப்ப அதைப் படி” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அம்மா அழுகையை நிறுத்தியபோது வலி குறைந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். உண்மையில் கையில் உணர்ச்சி செத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் கட்டை வெட்டிப் பிரித்தபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எலும்பு அழகாகக் கூடியது. விரல்கள் மட்டும் உள்ளங்கையை நோக்கி வளைந்து அப்படியே நின்றுவிட்டன. எதையோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கைபோல இருந்தது. அந்தக் கையால் இனி கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. ‘சில பேருக்கு இப்படி ஆகும்’ என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

மகள் பள்ளியை முடித்ததும் நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றாள். தாய்மாமன் குதித்தார். ஊரான் அழுக்கைத் துடைக்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு, டீச்சர் வேலைக்குப் படித்தால் கௌரவமாக இருக்குமே என்று அரைமணி நேரம் பேசினார். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அங்கே அழுக்கைத் துடைக்க ஆள் இருந்துச்சு மாமா. திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்ல” என்றாள். மாமா அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தது. ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு, அவளுக்கு முன்னால் போன பெண்கள் எல்லோரும் சேவை, கருணை, சின்ன வயசுக் கனவு என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வந்தார்கள். இவள் அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையாரின் முகம் சுருங்கியது. “அப்ப எங்களைக் குறை சொல்லத்தான் இந்தப் படிப்புக்கு வர்றியா?” என்று கேட்டார். “இல்ல மேடம். நாலு தடவை ஒருத்தர் வந்து சொன்னா, ஒரு தடவையாவது எழுந்து போய்ப் பார்க்கிறதுக்கு வர்றேன்” என்றாள். காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயராகப் போட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகி ஒருத்தி விலகிக்கொண்டதால் இடம் கிடைத்தது.

இரண்டாம் வருஷம், வகுப்பில் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் வந்தது. மாவுக்கட்டுப் போட்ட நோயாளியின் விரல்களை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும்: நிறம், சூடு, அசைவு, உணர்ச்சி. வலி மிகுந்தால் உடனே டாக்டருக்குத் தெரிவித்துக் கட்டைப் பிளந்துவிட வேண்டும். மொத்தம் ஐந்து வரி. ஆசிரியை அதை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அவள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அதுவரை எங்கோ ஒரு மூலையில், அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் நடந்திருக்கும் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். ஐந்து வரி. தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. அன்று நர்ஸ் மேஜையில் இருந்தவளும் இதை எழுதித்தானே தேறியிருப்பாள்? விடுதிக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு எரிய எரிய அழுதாள்.

எலும்பு முறிவு வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு ஒரு நாள், முழங்கை முறிந்த எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. அப்பா சுவருக்கு வர்ணம் அடிப்பவர். சட்டையெல்லாம் பச்சைத் துளிகளோடு அப்படியே வேலையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். காலை எட்டு மணிக்குக் கட்டுப் போட்டார்கள். பத்து இருபதுக்கு விரல்கள் வீங்கியிருந்தன; நீட்டிப் பார்த்தால் குழந்தை வீல் என்று கத்தியது. பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வலிக்கு ஊசி போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினொன்று ஐந்துக்கு, அறுவை அரங்கில் இருந்த எலும்பு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். வருகிறேன் என்றார். பதினொன்றே முக்காலுக்கு அவளே அரங்கின் வாசலில் போய் நின்றாள். முடித்துவிட்டு வருவாராம், சிஸ்டரைப் பதற்றப்படாமல் இருக்கச் சொன்னாராம். வேறு டாக்டர் யாராவது உண்டா என்று இரண்டு வார்டுக்குப் போன் போட்டாள். அது எங்கள் கேஸ் இல்லை என்றார்கள்.

பன்னிரண்டரைக்கு நகம் வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அவளுக்கு அந்த அமைதி தெரியும். கட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வந்து, மேலிருந்து கீழ்வரை பிளந்து, உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் வெட்டி அகற்றி விரித்தாள். கால் மணி நேரத்தில் விரல் நுனியில் சிவப்பு ஏறியது. வர்ணக்காரர் ஒன்றும் புரியாமல் கட்டில் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

எலும்பு டாக்டர் ஒன்றரைக்கு வந்தார். தன் கட்டைத் தன்னைக் கேட்காமல் தொட்டவள் யார் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. குழந்தையின் கையை இரண்டாவதாகப் பார்த்தார்.

மறுநாளே மெமோ வந்தது. மூன்றாம் நாள் விசாரணை. கண்காணிப்பாளர் அறையில் எலும்பு டாக்டருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளை நிற்க வைத்தார்கள்.

“கட்டை வெட்ட உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தது?” என்றார் கண்காணிப்பாளர்.

“யாரும் கொடுக்கல சார். அன்னைக்குக் காலையில இருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

எல்லை மீறியதற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும் என்று மேட்ரன் காதோரம் சொன்னார். தாளை வாங்கிக்கொண்டு அவள் எழுதினாள். பத்து இருபது, பதினொன்று ஐந்து, பதினொன்றே முக்கால், பன்னிரண்டரை: ஒவ்வொரு மணிக்கும் எதிரே விரல் இருந்த நிலையையும் தனக்குக் கிடைத்த பதிலையும் எழுதினாள். கடைசியில், ‘வருந்துவதற்கு எனக்கு ஒன்று உண்டு. பன்னிரண்டரை வரை காத்திருந்ததற்காக வருந்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவளைத் தடுப்பூசி அறைக்கு மாற்றினார்கள். பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ள விரலை ஆட்டுச்சா?”

“நேத்து பென்சில் பிடிச்சுதும்மா.”

“அப்ப மெமோ பேப்பரைப் பத்திரமா வை” என்றாள் அம்மா. “நாளைக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிடப் போறாங்க.”

ஒன்றரை வருஷம் கழித்து எலும்பு முறிவு வார்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவிப்பு ஒன்று மாட்டப்பட்டது. மணிக்கொரு தரம் விரல் பார்க்க வேண்டும். அறிகுறி தெரிந்து அரைமணி நேரத்தில் டாக்டர் வராவிட்டால் பணியிலுள்ள நர்ஸே கட்டைப் பிளக்கலாம். கீழே கண்காணிப்பாளர் கையெழுத்து. அதற்கான பயிற்சி வகுப்பை எடுத்தவர் அதே எலும்பு டாக்டர். அவர் கத்தரியோடு நிற்கும் புகைப்படம் வராந்தாப் பலகையில் ஒட்டியிருந்தது. அவளை வகுப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அவள் மனு எழுதினாள்: இப்போது விதியாக இருப்பதைத்தான் அன்று செய்தேன், கண்டனத்தை நீக்குங்கள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: விதி பின்னால் வந்தது, செயல் முன்னால் நடந்தது, ஆகவே கண்டனம் நிற்கும். அதைத் தடுப்பூசி அறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். வெளியே கைக்குழந்தைகளோடு வரிசை நீண்டிருந்தது. வரிசை முடியும்வரை ஊசி போட்டாள். பிறகு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தாள். இப்போது ஐந்தாவது மனு மேலிடத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.