சித்தியைப் போல ஒரு மெழுகுச் சிலை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், தென்காசியில் எங்கள் தெருவே ஒரு டி.வி. திகில் தொடரில் மூழ்கிக் கிடந்தது. மெழுகுச் சிலை செய்கிற ஒருவன், தன்னை வேண்டாம் என்ற பெண்ணை மெழுகில் வடித்து, புடவை கட்டி, பூ வைத்து, அதனோடு பேசிக்கொண்டிருப்பான். சிலையின் கண் அசையும்போது நான் சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அம்மாவோ அவனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "அவ மேல எப்படி உயிரா இருக்கான் பாரு."

"அவதான் வேண்டாம்னு சொல்லிட்டாளேக்கா" என்பாள் சித்தி. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கியதில்லை.

அந்த ஆண்டு சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம், தகரக் கொட்டகை போட்டு மெழுகுச் சிலைக் கண்காட்சி வைத்தார்கள். தொடரின் புண்ணியத்தில் நல்ல கூட்டம். அருவியில் குளித்த ஈரத்தலையோடு நாங்களும் போனோம். தலைவர்கள், நடிகர்கள் எல்லோரையும் தாண்டிக் கடைசியில் பச்சைப் பட்டில் ஒரு மணப்பெண் நின்றாள். தாடையில் மச்சம். ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து. சித்தியேதான்.

அதைச் செய்தவன், போன தை மாதம் சித்தியைப் பெண் பார்க்க வந்து, அவள் மாட்டேன் என்று சொன்ன ஆள். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஜனங்கள் முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், அந்தச் சிலையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இத எடுத்துருங்க" என்றாள் சித்தி, சிலைக்குப் பக்கத்தில் நின்ற அவனிடம்.

"இது நீ இல்ல, என் மனசுல இருக்கவ. எடுக்கச் சொல்ல நீ யாரு?" என்றான், கோயிலில் பேசுவது போல மெல்ல.

அப்பா நடுவில் வந்தார். "கூட்டத்துல சண்ட வேண்டாம். நான் பொறவு பேசுதேன்" என்றார். பேசவே இல்லை.

சித்திக்குப் பேசி முடித்திருந்த சுரண்டை ஊர் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தப் படம் போனில் போய்ச் சேர்ந்தது. ஒன்றுமில்லாமலா ஒருத்தன் சிலை செய்து வைப்பான் என்று கேட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். திட்டு விழுந்தது சித்திக்கு. "ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவன்ட்ட என்னத்துக்குச் சிரிச்ச?" என்றாள் அம்மா. காப்பி கொடுக்கும்போது சிரித்தாளாம். இதை எழுதும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அவனைப் போய்க் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

மறுநாள் காலை சித்தி குற்றாலத்துக்குப் புறப்பட்டாள். தனியாக விடமாட்டார்கள் என்பதால் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். கொட்டகைக்குள் நேராகப் போனாள். கயிற்றைத் தாண்டினாள். சிலையை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். தலை கழன்று சிமெண்டுத் தரையில் உருண்டது. அதை எடுத்து, மூக்கும் கண்ணும் மச்சமும் இல்லாமல் போகிறவரை தரையில் அடித்தாள்.

அவன் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஆட்கள் அவனைச் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தார்கள். "பாவம் அந்த மனுஷன். இவ கல்லு மாதிரில்லா நிக்குதா" என்றாள் ஒருத்தி. யாரோ சொல்லி அப்பா ஓடிவந்தார். சித்தியின் பக்கம் திரும்பவில்லை. அவனிடம் போய், "மன்னிச்சுக்கிடுங்க, புத்தியில்லாம செஞ்சுட்டா" என்று கைகூப்பினார். எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, அவனைத் தேற்றுவதற்கு அங்கேயே தங்கிவிட்டார்.

அதன்பின் சித்தி வெகுநாள் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போனவள், அப்பா இருக்கிற வீட்டுப் படியை இன்றுவரை மிதிக்கவில்லை.

அன்று பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் நகக்கண்ணில் மெழுகு அப்பியிருந்தது. மேலகரம் தாண்டும்போது கேட்டாள்: "ஏட்டி, அது என்னப் போலயா இருந்துச்சு?"

உடைத்துவிட்டோமே என்று வருந்துகிறாள் என நினைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அப்படியே நீதான் சித்தி. ரொம்ப அழகா இருந்துச்சு."

சித்தி என் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல வார்த்தை சொல்லிவிட்ட நிறைவில், தென்காசி வரும்வரை நான் காலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.