இரவல் பிள்ளை

தராசைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வரும் வேலை எனக்கு மூன்றே மாதத்தில் சலித்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். அட்டனில் ஆசிரியராக இருந்த என் தந்தை மட்டும், "ஆறு மாசம் தாங்கும்" என்றார். அறுபதுகளின் தொடக்கம் அது. கைக்குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை நிறுத்து எழுதுவது என் பொறுப்பு.

பறித்த கொழுந்தைப் பெண்கள் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகைதான் எனக்கு வசதியாகப் பட்டது. உத்தரத்தில் கொக்கி இருந்தது. கணக்கப்பிள்ளையின் மேசையும் இருந்தது. கொக்கியில் என் தராசை மாட்டித் தூளி கட்டினேன். மேசைமேல் பெரிய பதிவேட்டை விரித்தேன். முதல் மாதம் பிள்ளைகளின் நிறை மிகவும் குறைவு. ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி எழுதினேன், குறைந்தபோதெல்லாம் உச்சுக்கொட்டினேன். தாய்மார் அதைக் கவனித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் மாதம் சில பிள்ளைகள் வியக்கும்படி தேறியிருந்தன. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த கஞ்சியின் பலன் என்று மருத்துவருக்குப் பெருமையோடு கடிதம் எழுதினேன்.

மூன்றாம் மாதம் நான்காவதாக வந்த பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. என் கழுத்தில் தொங்கிய பென்சிலைப் பிடித்திழுத்துச் சிரித்தது. ஒன்பதாவது பிள்ளையும் அதையே இழுத்து அப்படியே சிரித்தது. பதினான்காவது பிள்ளைக்கு நீலத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். இருந்தும் அது பென்சிலை எட்டிப் பிடித்தது. குளிருக்குச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்துப் பார்த்தேன். பெண் பிள்ளை.

"பதிவேட்டுல ஆம்பளப் புள்ளன்னு இருக்கே?" என்றேன்.

தூக்கி வந்தவள் தலைகுனிந்தாள். "போன மாசம் ஆம்பளதாங்கம்மா..."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருத்தி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "குடுடி எம்மவள! காலையில இருந்து ரெண்டு பேருக்கு எரவல் குடுத்தாச்சு. பால் குடிக்கவாவது விடுறீங்களா?"

"எதுக்குங்க இந்த வேலை?" என்று அவளிடமே கேட்டேன்.

"என்னங்க தராசம்மா, தெரியாத மாதிரி கேக்குறீங்க?" அங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். "கொழுந்து நெறை கொறைஞ்சா அரைப்பேரு. புள்ள நெறை கொறைஞ்சா நீங்க எழுதிக்கொண்டுபோய்த் தொரைகிட்ட குடுத்துட்டா, இவளுக்குப் பேர வெட்ட மாட்டாங்களா?"

போதிய கொழுந்து பறிக்காதவளுக்கு அரைநாள் வேலையாகப் பதிவதே அரைப்பேர். பேரை வெட்டினால் அன்றைய கூலியே இல்லை. அதே கொக்கி, அதே மேசை, அவர்களைப் பயமுறுத்தும் அதே மாதிரிப் பதிவேடு. தவறு முழுவதும் என்னுடையது. இது தோட்டத்துப் பதிவு அல்ல, துரை இதைப் பார்க்கப்போவதும் இல்லை என்று சொன்னேன். பிறகு தலைகுனிந்து நின்றவளிடம், "ஒங்க புள்ள எங்கம்மா?" என்று கேட்டேன்.

அவள் அழத் தொடங்கினாள். "பிள்ளைக்காம்பராவுல கெடக்குங்க. நாலு நாளா வயித்தால போகுது. இருந்த நெறையும் போயிருச்சு."

தாய்மார் மலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்த அறைக்கு ஓடினோம். பையனின் கண்கள் குழிந்திருந்தன, உதடு காய்ந்திருந்தது, அழுதும் கண்ணீர் வரவில்லை. உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. கடுமைக்குப் பெயர்போன கணக்கப்பிள்ளை, ஏற்றிய சாக்குகளைத் தானே கீழே தள்ளினார். "கொழுந்து வாடுனா வாடட்டும், ஏறுங்க!"

பிள்ளையை இரவல் கொடுத்தவளும் கூடவே ஏறிவிட்டாள். பையனின் தாய்க்குப் பால் வற்றியிருந்தது. இவள் தன் மகளை என் மடியில் போட்டுவிட்டு, சப்பவும் வலுவற்றிருந்த பையனின் வாயில் சொட்டுச் சொட்டாகப் பாலைப் பீய்ச்சினாள். "இதுவும் எரவல்தான். மாப்பிள்ளை பெரியாளானதும் திருப்பிக் குடுக்கட்டும்" என்றாள். அழுதுகொண்டிருந்த தாய், அந்தப் பாதையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

எட்டாம் நாள் பையன் பிழைத்துத் திரும்பினான். என் முந்தைய கணக்கு எப்படிப் பொய்யானது என்று மருத்துவருக்கு மறைக்காமல் எழுதினேன். பதிலில் ஒரே வரி: "தராசை இடம் மாற்றுங்கள்." மறுமாதம் பிள்ளைக்காம்பராவில் நிறுத்தோம். முள் காட்டும் இடத்தைத் தாய்மாரே பார்த்துச் சொன்னார்கள். பையனைத் தூளியில் வைத்த அவன் தாய், எல்லோருக்கும் கேட்கும்படி, "கொறைவுதாங்க தராசம்மா, நல்லா எழுதிக்கங்க. அடுத்த மாசம் பாருங்க!" என்றாள்.

பின்னர் எத்தனையோ தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளை நிறுத்தேன். பதிவேட்டைத் திறக்குமுன், எதிரில் நிற்கும் தாய்க்கு அது என்னவாகத் தெரிகிறது என்று கேட்டறியும் வழக்கத்தை அந்த நாள்தான் எனக்குத் தந்தது. இரவல் கொடுத்தவளின் குடும்பம் சில ஆண்டுகளில் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியது. எந்த ஊரில் இறங்கினார்களோ தெரியாது. கணக்கப்பிள்ளையும் பையனின் தாயும் காலமாகிவிட்டார்கள். அந்தப் பையன் ராகலையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார்.