ஒரு பக்கத்துக்கு ஒரு வாய்

தேங்காயும் சீரகமும் சேர்ந்து அம்மியில் அரைபடும் வாசனை... அது வந்தாலே என் தங்கை கோமு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். தடியங்காய்க் கூட்டு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

காந்திமதி, நூர்ஜஹான்... நாம் மூன்று பேரும் மாற்றி மாற்றி எழுதுகிற நோட்டில் இந்த முறை இதைத்தான் எழுதப்போகிறேன். விளக்குத் திரியை ரொம்ப இறக்கி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். அம்மா புரண்டு படுத்தால்கூட நோட்டை மூடிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி. நாம் ஆறாவது படித்துக்கொண்டிருந்தோம். கோமுவுக்கு மூன்று வயது. விடாத காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். காரம் ஆகாது, வெள்ளைப்பூசணி மாதிரி லேசாகச் செரிக்கிற காயாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். தடியங்காய், பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம்... அவ்வளவுதான் அந்தக் கூட்டு. வெள்ளை வெளேரென்று கிண்ணத்தில் கிடக்கும். அதைப் பார்த்ததும் கோமு பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் அப்பா ஒரு படப்புத்தகம் வாங்கி வந்தார். வழி தவறிய ஒரு எலிக்குட்டி, காய்கறித் தோட்டத்துக்குள் புகுந்து வீடு தேடிப் போகிற கதை. கத்தரிச் செடி, பாகற்பந்தல், வெண்டைப் பாத்தி... ஒரு பக்கத்தில் பாறாங்கல் மாதிரி ஒரு தடியங்காய். அதற்குப் பின்னால் எலியின் வால் மட்டும் தெரியும்.

ஒருநாள் ஆத்திரத்தில் சொன்னேன். "வாயத் தொறக்கலன்னா பக்கம் திருப்ப மாட்டேன். எலி இங்கனயே கெடந்து அழட்டும்."

கோமு வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு வாய்.

"எலிக்காகச் சாப்புடுத பிள்ளைய நம்ம வீட்லதான் பாக்கேன்" என்று அம்மா சிரிப்பாள்.

சில நாள் கோமு ஏமாற்றுவாள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு "முழுங்கிட்டேன், திருப்பு" என்பாள்.

"நாக்க நீட்டு, பாப்போம்."

"எலிக்கு நேரமாச்சாம்க்கா..."

இப்போது அவளுக்கு ஆறு வயது. தன் கையாலேயே சாப்பிடுகிறாள். ஆனாலும் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும்.

போன வருஷம் லீவுக்கு அவளைச் சிவகிரிப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியபோது புத்தகத்தை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்தேன். இரண்டு நாள் ஒரு பருக்கை இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டார். ஏக்கம் என்றார்கள். நான் காரணத்தைச் சொல்லவில்லை.

அந்தப் பெரியம்மா இன்றைக்கு வந்திருக்கிறாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பிள்ளை இல்லை. கோமு கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்ச நாளுக்கு யாராவது பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவார்களா? அப்பா வாங்கிவிட்டார்.

சாயங்காலம் கோமுவைப் பெரியம்மா மடியில் உட்கார வைத்து வாயில் சீனி போட்டார்கள். கோமு சீனியைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் முதல் பஸ்.

படுக்கப்போகும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். "நீதானட்டி அவளுக்கு ஊட்டுவ. என்ன குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்... சொல்லு மக்கா."

"எல்லாம் சாப்பிடுவா, பெரியம்மா."

பொய். புத்தகம் என் பூகோள நோட்டுக்குள் இருக்கிறது. அது போகாவிட்டால் கோமு சாப்பிட மாட்டாள். சாப்பிடாவிட்டால் மூன்றாம் நாள் வந்துவிடுவாள்.

வந்துவிடுவாள்தானே?

டி.சி. வாங்கிய பிறகும் அனுப்புவார்களா? பழகிவிடும் என்று அங்கேயே வைத்துக்கொண்டால்? அந்தக் காய்ச்சலில் அவள் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது... இன்னும் என் விரலில் அது இருக்கிற மாதிரியே இருக்கிறது.

இருங்கள். வந்து எழுதுகிறேன்.

...

கோமுவின் துணிப்பைக்குள் புத்தகத்தைச் செருகினேன். பாவாடைகளுக்கு நடுவில். கையை எடுப்பதற்குள் பெரியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி அது?"

"தடியங்காய்க்கு" என்றேன்.

பிறகு அவள் காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய் போடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாய். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். போன வருஷம் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதேட்டி."

"படம் போதும் பெரியம்மா. எலி எங்கன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருங்க."

"கடேசில அது வீட்டுக்குப் போயிருதா?"

"கடேசித் தாளு கிழிஞ்சிபோச்சு. போயிட்டுதுன்னு நாந்தான் சொல்லுவேன்."

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எந்த வீட்டுக்குன்னு பிள்ள கேட்டா, நான் என்னட்டி சொல்லுவேன்?"

திரும்பி வந்துவிட்டேன். பெரியம்மா இன்னும் படுக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கோமு அவள் புடவைத் தலைப்பின் மேல் கால் போட்டுத் தூங்குகிறாள்.

கோமுவுக்கு ஊட்டும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று விளையாடக் கூப்பிடுவீர்கள். கிண்ணத்தில் பாதிக் கூட்டு அப்படியே இருக்கும். "முழுங்கித் தொல" என்று அவள் தலையில் எத்தனை தடவை குட்டியிருக்கிறேன்...

நாளையிலிருந்து கூப்பிடுங்கள். உடனே வந்துவிடுவேன்.