என் பெயரில் வந்த மாத்திரை

தங்கைக்கு இடது பக்க மார்பை எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தச் சொல்லை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. வீட்டில் நாங்கள் "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வோம்.

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் மகனோடு இருக்கிறாள். ஒரு நாள் போன் செய்தாள். "அக்கா, உன் பேர்ல ஒரு பார்சல் வரும். பிரிக்காம வை. இங்க வந்தா மருமக பிரிச்சிடுவா."

பிடோக்கில் தனியாக இருப்பவள் நான். சரி என்று சொல்லிவிட்டு, வந்த அன்றே பிரித்துவிட்டேன். உள்ளே பச்சை மூடி போட்ட போத்தல். அதன்மேல் இறுக்கமான சட்டையில் ஒரு பெண் படம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூலிகை மாத்திரையாம், இயற்கையாகவே பெரிதாகுமாம். சட்டென்று அதை அரிசி டின்னுக்குள் தள்ளி மூடினேன். பார்க்க யாரும் இல்லைதான்.

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டுத் தேக்காவில் காப்பி குடிப்போம். போத்தலைக் கொண்டுபோனால் மருமகள் கண்ணில் படும் என்று, அங்கே ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை மட்டும் கைக்குட்டையில் முடிந்து கொடுப்பேன்.

"இத முழுங்கினா முளைச்சு வந்துருமாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வராதுன்னு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் மேடா வந்தாப் போதும்லா. சேலை கட்டினா அந்தப் பக்கம் நழுவுது. உள்ள ரப்பர் வச்சுக் கட்டினா வேர்த்துக் கொட்டுது."

நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். வேறு எந்த மருந்து சாப்பிடுவதானாலும் முதலில் கேளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவள் கேட்கவில்லை. நோய் திரும்பி வந்தால், எடுத்துக் கொடுத்த கை என் கைதானே. கொடுக்காவிட்டால் வேறு எங்காவது வாங்குவாள். என்னிடமும் சொல்லமாட்டாள்.

அடுத்த செக்கப்புக்கு வழக்கம்போல் நானும் போனேன். போத்தல் என் பையில் இருந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நர்ஸ் நம்ம தமிழ்ப்பிள்ளை. "ஆன்ட்டி, நாங்க குடுத்தது தவிர வேற ஏதும் சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, சப்ளிமென்ட்?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். "இது என்னோடதும்மா. என் பேர்லதான் வந்துச்சு. நான்தான் சாப்பிடுறேன். தங்கச்சிக்கும் குடுக்கலாமா?"

அந்தப் பிள்ளை போத்தலைப் படித்தது. பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது, உடம்பு குச்சி. "ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்கு..."

"ஆசைதான்" என்றேன். காதெல்லாம் கொதித்தது.

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, மாத்திரையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தது. "இவங்களுக்குக் குடுத்துடாதீங்க ஆன்ட்டி. இதுல சில மூலிகை பொம்பளைங்க ஹார்மோன் மாதிரியே வேலை செய்யலாம். இவங்களுக்கு டாக்டர் தினம் குடுக்கிற மாத்திரையே அதை அடக்கத்தான்."

தங்கை முதலில் சிரித்தாள். "ஆசையாம்! கிழவிக்கு ஆசையாம்!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவளுக்கு அப்படியே கண்ணீர் வந்துவிட்டது. "அக்கா பொய் சொல்லுதும்மா. நான்தான் சாப்பிட்டேன். ரெண்டு மாசமா."

யாரும் அவளைத் திட்டவில்லை. உள்ளே போனதும் டாக்டர் போத்தலை வாங்கி வைத்துக்கொண்டார். இன்றோடு நிறுத்துங்கள் என்றார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரத்தம் எடுத்து முடிந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக் கழிவறைக்குள் இழுத்துப்போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். "யாருக்கும் காட்டினதில்லக்கா" என்று சொல்லி ஜாக்கெட் ஊக்குகளைக் கழற்றினாள்.

என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தேன். குறுக்கே ஒரு தழும்பு, அவ்வளவுதான். சுற்றிலும் தோல் வழவழவென்று குழந்தை முதுகுபோல் இருந்தது.

"தொடட்டுமா?"

"உன் கை ஐஸா இருக்கும். தேய்ச்சுக்க."

தேய்த்துச் சூடாக்கி வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே அவள் நெஞ்சு துடித்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆள் இருக்குலா!" என்றாள் தங்கை. சேலையை இழுத்து மூடவில்லை.