தலைவாசல் வரை போன சீம்பால்

என் அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் இந்த வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கேதான் அவர்களுக்கு வீடு. அப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்கக் காரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் கொண்டுபோன சாப்பாடு கெட்டுப்போனது. என்னால்தான் கெட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில், மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் போனோம். அப்பாவின் வண்டி எட்டு மாதம் ஆந்திராவில் ஓடிவிட்டு வாழப்பாடிப் பக்கம் வந்திருந்தது. பத்து நாள் வேலை. அது முடிந்ததும் நேராகச் சத்தீஸ்கர். ஒரு கிணறு முடிந்தால் உடனே அடுத்தது என்று வரிசையாக ஒப்புக்கொண்டிருந்ததால் அப்பாவால் வீட்டுக்கு வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் எருமை புதன்கிழமை கன்று போட்டது. அப்பா கன்றாக வாங்கிவந்து வளர்த்த எருமை, முதல் ஈற்று. ஃபோனில் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "சீம்பால் கொண்டுட்டு வாரீங்களா?"

கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கறக்கிற கெட்டியான மஞ்சள் பால்தான் சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தால் தானாகக் கட்டியாகி, கத்தியால் வெட்டுகிற மாதிரி வரும். கடையில் கிடைக்காது. நம் எருமை ஈன்றால்தான் உண்டு.

காலை ஆறு மணிக்குக் கறந்த இரண்டு லிட்டரை ஃபிரிட்ஜில் வைத்தோம். ஏழு மணிக்கே கிளம்பச் சொல்லியிருந்தார் அப்பா. ஆனால் கன்று சரியாகக் குடிக்கவில்லை. அது நின்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் அம்மா தொழுவத்தை விட்டு வெளியே வந்தார். மணி எட்டே முக்கால். ஐஸ் கடையில் நான்கு கிலோ உடைத்த ஐஸ் எண்பது ரூபாய். மீன் கடைக்காரர் கொடுத்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் போட்டு, நடுவில் பால் போசியை, அதாவது மூடி போட்ட பாத்திரத்தை, இறக்கி, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடினேன். பெட்டி என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் முழுவதும் ஐஸ் பெட்டியைப் பற்றி அவ்வளவு படித்திருந்தேன்.

கார் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, அவர்தான் ஓட்டினார். மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம். சாலை நன்றாக இருக்கிறது, வேகத்தடைகள்தான் அதிகம். அறிவியல் கண்காட்சிக்காக வாங்கிய, நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர் என்னிடம் இருந்தது. கால் மணிக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, போசியின் மூடியைத் திறந்து, கம்பியைப் பாலில் விட்டு, எண் நிற்கும் வரை இரண்டு நிமிடம் காத்திருந்து குறித்துக்கொண்டேன். இந்தப் பதிவில் ஒரு நல்ல அட்டவணை போட வேண்டும் என்று ஆசை. கம்பியைத் துப்பட்டாவில் துடைத்தேன். 9.15க்கு ஆறு டிகிரி. 9.30க்கும் ஆறு. 9.45க்கு ஏழு.

மாமா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ஏஞ்சாமி, அது என்ன ஐ.சி.யூ.ல கெடக்குதா? கால் மணிக்கொருக்கா காய்ச்சல் பாக்கற?"

"மாமா, இது டேட்டா."

"டேட்டாவோ கீட்டாவோ, உங்கொப்பன் அதத்தான் திங்கப்போறாரு. பாத்துக்கோ."

அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். மறுபடி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாழப்பாடி சேர்ந்தபோது 11.10, எண்பத்து நான்கு கிலோமீட்டர். அப்பா சொன்ன தோட்டத்தில் வெள்ளைச் சேறும் டயர்த் தடமும்தான் இருந்தன. கிணறு எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்து, வண்டி ஒன்பது மணிக்கே கிளம்பியிருந்தது. அப்பாவுக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. ரிக்கின் கம்ப்ரசர் ஓடும் இரைச்சலில் யாருக்கும் ஃபோன் கேட்காது. (போகிறவர்கள் ரிக் வண்டியின் மேனேஜர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.) மர நிழலில் காத்திருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தால் பாதி ஐஸ் தண்ணீராகியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். அதுவும் தவறு. அந்தத் தண்ணீரும் ஐஸைப் போலவே சில்லென்றுதான் இருந்தது. போசியைச் சுற்றி நின்று அது செய்துகொண்டிருந்த வேலையை நான் நிறுத்திவிட்டேன். 11.30க்குப் பன்னிரண்டு டிகிரி.

12.40க்கு அப்பாவே கூப்பிட்டார். வண்டி தலைவாசலைத் தாண்டி ஒரு கிராமத்தில் நிற்கிறதாம். வழியில் ஆத்தூரில் சாப்பிட்டோம், மூன்று பேருக்கு இருநூற்று எழுபது ரூபாய். அங்கே புதிதாக ஐஸ் வாங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, நான் எண்ணைக் குறிப்பதில் இருந்தேன். தலைவாசலுக்குப் பிறகு இரண்டு முறை வழி தவறி, 2.50க்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்டியில் ஐஸ் இல்லை. பால் இருபத்தெட்டு டிகிரி.

ரிக் ஓடும் இடத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு: காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொண்டுபோங்கள். பாறைத் தூள் மேகம்போல் எழும்புகிறது. அதற்குள்ளிருந்து புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக ஒருவர் கையசைத்தார். அம்மாதான் முதலில் அடையாளம் கண்டார். கிணற்றுக்குள் கேசிங் குழாய் இறக்கி முடிக்கும் வரை அப்பா இறங்க முடியாது. அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாமா காரில் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வண்டியின் சமையல்காரர் வெல்லத்தை நுணுக்கி வைத்திருந்தார். "காலையிலருந்து டிரில்லருக்கு இதே பேச்சுங்க. எங்கூட்டு எருமைங்கறாரு, தல ஈத்துங்கறாரு. எட்டுப் பேருக்கும் பங்கு உண்டாம்," என்றார்.

அப்பா வந்தபோது நான்கு மணி. கை கழுவிக்கொண்டு வந்து, என் தலையைத் தடவி, "வளந்துட்டியே சாமி" என்றார். பிறகு போசியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். மூடிவிட்டார்.

"கெட்டுப்போச்சு."

அம்மா எழுந்து வந்தார். "இருக்காதுங்க. ஐஸ்லதான…"

"ஏம்புள்ள, ஏழு மணிக்கே கெளம்புன்னு எத்தன வாட்டி சொன்னேன்? கன்னு குடிக்கோணும், கன்னு குடிக்கோணும்னு அங்கயே நின்னுருப்ப."

"கன்னு குடிக்காம எப்புடீங்க வாரது?"

"எட்டு மாசமாச்சு. ஒரு வாய்க்குக் கேட்டேன். அதுக்குக்கூட உன்னால நேரத்துக்குக் கெளம்ப முடியல."

சமையல்காரர் வெல்லத் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். நோட்டு என் கையில் இருந்தது. பத்தொன்பது முறை திறந்ததற்குப் பத்தொன்பது வரி அதில் இருந்தது. அம்மா தாமதமாகக் கிளம்பியது ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுவதும் பால் ஃபிரிட்ஜில் இருந்தது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்க்கிற அப்பா என்னைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் விரும்பவில்லை.

பாலைச் சேற்று வாய்க்காலில் ஊற்றினார்கள். அம்மா செய்துகொண்டுவந்த முறுக்கும் தக்காளிச் சாதமும் இருந்தன. அப்பா நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். 4.35க்கு மேனேஜர் கூப்பிட, போய்விட்டார். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். இப்படியாக, 133 கிலோமீட்டர் போய் அம்மா அவரோடு இருந்தது முப்பத்தைந்து நிமிடம்.

திரும்பும்போது சேலம் போகாமல் ஆத்தூரிலிருந்து நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வழியாக வந்தோம். இதுதான் சுருக்கம், போகும்போது வாழப்பாடியில் வேலை இல்லாவிட்டால் இதே வழியில் போங்கள். நாமகிரிப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது மணி ஆறேகால். மாமா கடைக்குப் போயிருந்தார். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுஞ்சாமி," என்றார் அம்மா. "நீ மூடியத் தொறக்கறப்பல்லாம் பாத்துட்டுத்தான இருந்தேன். ஐஸு போயிருமேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஏதோ படிப்புக்குச் செய்யறன்னு நெனச்சேன். எனக்கென்ன தெரியும் அதுல?"

"அப்பாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

மாமா டீயோடு வந்தார். அம்மா ஒரு கிளாஸை வாங்கி என் கையில் கொடுத்து, "ஆறிரும், குடி," என்றார்.

மறுநாள் அதே பெட்டி, அதே அளவு ஐஸ், இரண்டு லிட்டர் சாதாரணப் பால். வெயிலில் நின்ற காரில் வைத்து, ஏழு மணி நேரம் திறக்காமல் இருந்தேன். கடைசியில் ஒரே ஒருமுறை அளந்தேன்: ஒன்பது டிகிரி.

ஆகவே, போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: பெட்டியை முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். பாலோ கறியோ, முதலில் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகே உள்ளே போகட்டும். முடிந்தால் உறைய வைத்தே எடுத்துப்போங்கள். ஐஸ் போசிக்கு மேலும் இருக்க வேண்டும். உடைத்த ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாகக் கரையும். உருகிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். போசியின் மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். வழியில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் நடுவில் ஐஸ் வாங்குங்கள், ஆத்தூரில் மீன் கடைகளில் கிடைக்கிறது. போய்ச் சேரும் வரை மூடியைத் தொடாதீர்கள். உள்ளே எத்தனை டிகிரி என்று தெரியாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மாலை அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை, மூன்றாவது முறை எடுத்தார். முழுவதையும் சொன்னேன்; கன்று குடித்தது, ஃபிரிட்ஜ், பத்தொன்பது முறை, கொட்டிய தண்ணீர். அப்பா திட்டவில்லை.

"அம்மாகிட்டக் குடு சாமி."

தொழுவத்துக்கு ஓடினேன். அம்மா நிமிரவில்லை. "எருமைக்குத் தவுடு கலக்கிட்டு இருக்கறேன்னு சொல்லு."

சொன்னேன்.

"சரி, கலக்கட்டும். நீ வெக்காத. நான் இருக்கறேன்," என்றார் அப்பா.

நான் ஃபோனை நீட்டியபடி நின்றேன். அந்தப் பக்கம் யாரோ அப்பாவைக் கூப்பிடுவதும், "இருப்பா, வாரேன்" என்று அவர் சொல்வதும் கேட்டன. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். தவிட்டைக் கலக்கி, தொட்டியில் ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் ஃபோனை வாங்கியபோது நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி ஆகியிருந்தது.