அம்மாவுக்குப் பாஸ் இல்லை

என் தாய்மாமன் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. பெண் பார்க்கப் போன இடங்களில் அவற்றால் அவருக்கு நஷ்டம். எங்கள் குப்பத்தில் அவற்றால்தான் மதிப்பு. மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் கடற்கரையில் எந்தப் பிள்ளைக்குச் சின்னம்மை போட்டாலும், வாசலில் வேப்பிலை செருகியதும் அடுத்த வேலை மாமாவைக் கூப்பிடுவது. ஒருமுறை வந்துபோனவர்களை அம்மை மறுபடி தொடாது என்பார்கள். அவர்கள்தான் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஆத்தாவும் தானும் தோஸ்து என்று சொல்லிக்கொள்வார்.

எனக்கு வந்தது மூன்றாம் வகுப்பில். அம்மா அப்போது நிறைமாதம். ஆஸ்பத்திரி பக்கம் என்று ஊரப்பாக்கத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அப்பா கடலுக்குப் போய்விட்டால் என்னைப் பார்க்க ஆளில்லை என்பதால் மாமா வீட்டில் விடப்பட்டிருந்தேன். ஒரு காலை என் முதுகில் கொப்புளம் கண்டதும் மாமா வலையைச் சுருட்டி வைத்தார். அம்மை கண்ட வீட்டில் மீன் வேகக் கூடாது. மீனில்லாமல் சோறு இறங்காத மனிதர், என்னோடு உட்கார்ந்து கூழும் இளநீரும் குடித்தார்.

அவருடைய கூட்டாளி தெருவிலேயே நின்று கத்துவார்: “இன்னா மச்சான், கடலுக்கு வராம ஆயா வேல பாத்துகினு கீறியா?”

“ஆத்தா நம்ம தோஸ்துடா. உன் வூட்டாண்ட அனுப்பட்டா?” என்பார் மாமா. அடுத்த நொடி பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்.

என் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருந்தது. தொட்டால் வலித்தது; அழுதேன்.

“ஆத்தா உனக்கு பாஸ் போட்டுகினு கீறா. ஆபீஸ் அங்கதான் கீது. வலிக்கத்தான் செய்யும்” என்றார் மாமா. பிறகு தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். “இத பாரு, என் பாஸு. ஆயுசுக்கும் செல்லும்.”

பஸ் பாஸ் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டு, என் கொப்புளங்களை ஒரு முதலாளியைப் போலப் பார்வையிட்டேன்.

ஒரு மத்தியானம் வாசலில் அம்மாவின் குரல். யாரோ போனில் சொல்லிவிட்டிருந்தார்கள். அந்த வயிற்றோடு பஸ் மாறி மாறி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வரப் பார்த்தாள். நான் பாயிலிருந்து எழுந்து ஓட, மாமா என்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தினார்: “யக்கா, அங்கியே நில்லு! உனக்கு இது வந்ததே இல்ல. வயித்துல புள்ள கீது.”

“எம் புள்ளடா அது. ஒரு வாட்டி தொட்டுட்டுப் போறேன்.”

“வயித்துல கீதே, அது இன்னா பக்கத்து வூட்டுப் புள்ளயா?”

அம்மா அசையவில்லை. போகவும் இல்லை. நான்தான் தீர்த்துவைத்தேன். கவுனைத் தூக்கி என் வயிற்றுக் கொப்புளங்களைக் காட்டி, “யம்மா, உங்கிட்ட பாஸ் இல்ல! உள்ள வராத, போ!” என்றேன்.

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். தம்பி நல்லபடியாகப் பிறந்தான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இப்போது பொத்தேரியில் ஒரு கல்லூரியில் இதையேதான், உடம்பு கிருமியை எதிர்க்கும் விதத்தைத்தான், படிக்கிறேன். உடம்பில் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் திரிகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அடையாளம்தான் தெரியும். அந்த அடையாளமுள்ள கிருமி வந்துவிட்டால், அதை அறிந்த செல் நெறிக்குள், அதாவது நிணநீர்க் கணுவுக்குள், பெருகத் தொடங்கும். பெருகும்போதே சிறிது சிறிதாக மாறும். கிருமியை இறுகப் பிடிக்கத் தெரிந்தவை தேறும், மற்றவை அங்கேயே மடியும். தேறியவற்றில் சில பிளாஸ்மா செல்களாகும். அதன்பின் அவை பெருகுவதை நிறுத்திவிடும். உட்கருவை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் பட்டறையாக்கி, எதிர்ப்பொருளைச் செய்து செய்து இரத்தத்தில் விடும். பெரும்பாலானவை சில நாளில் ஓய்ந்துபோகும். சில மட்டும் எலும்பு மஜ்ஜையில் இடம்பிடித்து, ஆண்டுக்கணக்கில் அதே வேலையாக இருக்கும்.

அந்தச் செல்லை மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று மாமாவுக்குப் போன் செய்தேன். “மாமா, ஆபீஸ் நெறியிலதான். அத கரெக்டா சொல்லிட்ட. ஆனா பாஸு மூஞ்சில இல்ல, எலும்புக்குள்ள கீது.”

“அப்போ மூஞ்சில கீறது இன்னா?”

“கிழிச்சிப் போட்ட டிக்கெட்டு.”

“தோ பார்றா! இத பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்றதுக்கு இன்னா?” என்று சிரித்தார். பிறகு யாரிடமோ, “நம்ம பொண்ணு, எலும்புக்குள்ள கீறதலாம் பாக்குது” என்று உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது.

மாமாவிடம் பாஸ் இருந்தது. தைரியமாக உள்ளே இருந்தார். எனக்குப் பாஸ் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமையில் அம்மாவைப் போகச் சொன்னேன். பாஸே இல்லாதவள் வாசலில் எதற்காகச் செருப்பைக் கழற்றினாள் என்பது மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை.